மானாகாத பாலை மரம்

கடந்த மாரியில் அடித்த புயலுக்கு எங்கள் குளக்கட்டில் நின்ற பெரிய பாலை மரம் விழுந்தது. மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தபடியே பார்க்கலாம், அந்தக் குளத்தையும் கட்டையும். நாட்கணக்கில் பெய்த மழையில் கட்டு மண் ஊறிப்போயிருந்தது. மரம் முறியவில்லை. வேரோடு சாய்ந்து, தலையைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துப் படுத்துவிட்டது. வேர் கிளம்பிய இடத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம்.

மூன்று கிழமை கழித்துப் பிரதேச சபையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ‘விழுந்த மரங்களை வெளிப்புறக் கலைப்படைப்புகளாக மாற்றி மக்களை இயற்கையோடு இணைக்கும் செயற்திட்டம்’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். நான் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறவள். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் மரத்தில் ஒரேயொரு முகம் செதுக்கியிருக்கிறேன். அதுவும் முள்முருக்கில். கத்தி பட்டாலே இறங்கிவிடும் மரம் அது. பாலை இரும்பு மாதிரி. என்னை எதற்காகத் தெரிந்தெடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வேறு ஆளில்லை என்பதுதான் காரணமாயிருக்கும் என்று என் கணவர் சொன்னார்.

சபையின் செயலாளர் வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த, அமைதியான மனிதர். போய்ச் சந்தித்தேன்.

“என்ன செய்யவேணும் சேர்?”

“மான் ஒண்டு செய்யுங்கோ ரீச்சர். மான் எண்டால் எல்லாருக்கும் விளங்கும். சனம் பின்னேரத்திலை வந்து பார்க்கும், படம் எடுக்கும். இயற்கையோடை ஒரு இணைப்பு வரும்தானே.”

ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அந்த ‘இணைப்பு’ என்ற சொல்தான் மண்டைக்குள் நின்றது. அதற்கு முதல் கிழமைதான் எங்கள் ஒழுங்கைக்குள் யானை வந்து இரண்டு வீட்டு வாழைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. எங்கள் கிணற்றடியில் பாம்பு கிடக்காத மாரி இல்லை. இந்தச் சனத்தை எதோடு இணைக்கச் சொல்கிறார்கள்?

மரம் அறுக்க ஸ்கந்தபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். புயலுக்குப் பிறகு ஊரூராகத் தன் வாள் மெசினோடு திரிந்து, விழுந்த மரங்களை அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கடிதத்தின் தலைப்பை வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

“யானை குசினிக்குள்ளை தும்பிக்கையை விட்டு உப்பு எடுக்குது ரீச்சர். அதுக்கு மேலை என்ன இணைப்பு?”

ஆனாலும் வேலையைக் கவனமாகச் செய்தார். மின்சாரக் கம்பியில் சாய்ந்திருந்த கொப்புகளை மின்சார சபைக்காரர் முன்பே வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நீளமான அடிமரமும், அது இரண்டாகப் பிரிகிற கவரும்தான். அடிமரத்தை உடலாக்கி, கவரின் இரண்டு கிளைகளையும் கொம்பாக்குவது என்று கொப்பியில் படம் கீறியிருந்தேன். படத்தில் அது மானாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் கழுத்துப் பக்கத்தை அறுக்கும்போது வாள் ஒரு சத்தம் போட்டது. நெருப்புப் பொறி பறந்தது. அவர் உடனே மெசினை நிற்பாட்டிச் சங்கிலியைத் திருப்பிப் பார்த்தார். நாலைந்து பல் போயிருந்தது.

“செல் துண்டு,” என்றார். சண்டைக் காலத்து எறிகணைச் சிதறலை, கல் என்று சொல்வதைப்போலச் சொன்னார். “வன்னிப் பக்கத்து மரத்திலை இது புதினமில்லை. மில்லுக்காறர் மரம் வாங்க முதல் இதைத்தான் கேப்பினம், எந்த ஊர் மரம் எண்டு.”

உளியால் கிண்டி அதை வெளியே எடுத்தார். கவருக்கு ஒரு சாண் கீழே, மரத்துக்குள் நாலு விரல் ஆழத்தில் கிடந்தது. விரல் நீளமான இரும்பு. துருப்பிடித்து, ஒரு பக்கம் பருத்து, மற்றப் பக்கம் மெலிந்திருந்தது. சுற்றியிருந்த மரம் கறுத்து, மை ஊறியதைப்போல இருந்தது. இரும்பை என் கையில் வைத்தார்.

“இன்னும் எத்தினை கிடக்கோ தெரியாது. இனி நான் மெசினை உள்ளுக்கு இறக்கமாட்டன் ரீச்சர். குறை நினையாதேங்கோ. இனி உங்கடை உளிதான்.”

அவர் போனபிறகு இரும்பை ஒரு வெறும் பெயின்ற் தகரப் பேணிக்குள் போட்டு வைத்தேன். பாடசாலை விடுமுறை என்பதால் நாள் முழுக்க அங்கேதான் இருந்தேன். உளியும் சுத்தியலுமாக வேலை நத்தை வேகத்தில் போனது. ஒரு நாள் முழுக்கச் செதுக்கினால் ஒரு கைப்பிடி தூள்தான். முதுகின் வளைவு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கட்டால் நடந்து போகிறவர்கள் நின்று, “என்ன செய்யிறியள்?” என்று கேட்பார்கள். “மான்,” என்பேன். மரத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த பஸ் குளத்தடியில் நின்றது. அறுபது வயதளவில் ஒரு பெண் இறங்கினார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் கருவாட்டு மணத்தோடு ஓர் ஓலைக் கடகம். நேரே மரத்தடிக்கு வந்தார். கடகத்தை வைத்துவிட்டுக் கவரின் தடித்த கிளையைத் தடவினார்.

“பிள்ளை, இதை வெட்டப் போறியளோ?”

“ஓம் அம்மா. இது கொம்பு. மான் செய்யிறன்.”

“இந்தக் கொப்பை வெட்டாதேங்கோ,” என்றார். கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. “இதிலைதான் என்ரை மகனுக்கு ஏணை கட்டினனான்.”

ஏணை என்றால் குழந்தையைப் போட்டு ஆட்டுகிற சேலைத் தொட்டில். அவர் என் பக்கத்தில் மரத்தில் இருந்துகொண்டு சொல்லத் தொடங்கினார். கடற்கரையில் செல் அடி கூடியபோது அவரும் கணவரும் இரண்டு மாதக் குழந்தையும் காட்டுப் பாதையால் நடந்து வந்திருக்கிறார்கள். இந்தக் குளக்கட்டில் ஒரு பாலை மரத்தின் கீழ் பதினொரு நாள் இருந்திருக்கிறார்கள். கீழே எறும்பு, ஈரம். குழந்தையை நிலத்தில் கிடத்த முடியவில்லை.

“சேலைக் கயிறு வழுக்கி வழுக்கி வந்தது. என்ரை மனுசன் வள்ளத்து ஆணி கொஞ்சம் மடியிலை கட்டிக்கொண்டு வந்தவர். என்னத்துக்குக் கொண்டு வந்தார் எண்டு அவருக்கே தெரியாது. மூண்டு ஆணி வளைஞ்சுபோச்சு. நாலாவதுதான் இறங்கினது. அதிலைதான் கயிறு நிண்டது.”

“இந்த மரம்தான் எண்டு எப்பிடி அம்மா தெரியும்?”

“நான் ஒவ்வொரு கிழமையும் இந்த றோட்டாலை கருவாடு கொண்டு போறனான். எத்தினையோ வரியமாப் பஸ்ஸிலை இருந்து பார்த்துக்கொண்டு போறன். நிண்ட காலத்திலை ஒருநாளும் இறங்கேல்லை. இப்ப விழுந்துபோச்செண்டு கண்டு இறங்கினனான்.”

பெயின்ற் பேணியைக் கொண்டுவந்து இரும்பை எடுத்துக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. எட்டிப் பார்த்தார்.

“இதுதான்,” என்றார். சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்த பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். போகுமுன் ஒரு பொதி நெத்தலிக் கருவாடு என் பையில் வைத்துவிட்டார். நான் மரத்திலேயே இருந்தேன். அன்று பின்னேரம் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை.

செல் துண்டு என்று அறுக்க வந்தவர் சொன்னபோது நம்பினேன். ஆணி என்று அந்த அம்மா சொன்னபோதும் நம்பினேன். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. வீட்டுக்குப் போய், மேசைவிளக்கின் கீழ் இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆணி என்று நினைத்துப் பார்த்தால் பருத்த பக்கம் ஆணித்தலை. செல் என்று நினைத்துப் பார்த்தால் அதே பக்கம் கிழிந்த உலோகம்.

அதைவிட வேறொன்று என்னை அலைக்கழித்தது. நானும் இடம்பெயர்ந்து வந்தவள்தான். எட்டு வயதில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நீரேரியைத் தாண்டி வள்ளத்தில் வந்தோம். பிறகும் இரண்டு மூன்று தடவை வீடு மாறி, காட்டு ஓரங்களில் மரங்களின் கீழ்தான் படுத்தோம். ஒரு மரம்கூட எனக்கு நினைவில்லை. அம்மா கொண்டுவந்த நீலப் பிளாஸ்ரிக் வாளி நினைவிருக்கிறது. அதன் பிடி கழன்றது நினைவிருக்கிறது. எந்த மரம் எங்களுக்கு நிழல் தந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சித்திரம் படிப்பிக்கிறவள், மரத்தைப் பார்த்துக் கீறச் சொல்லிப் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகிறவள். எனக்கேன் ஒன்றும் மனதில் பதியவில்லை? அல்லது, பதிந்தது என்று சொல்கிற அந்த அம்மாவுக்குத்தான் எல்லாப் பாலையும் ஒரே பாலையாகத் தெரிகிறதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகனோடு வந்தார். மகன் புளியங்குளத்தில் உழவு இயந்திரம் திருத்துகிறவர். விரல் இடுக்கெல்லாம் கிறீஸ் கறை. மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு, தாய் தூரத்தில் பஸ் தரிப்பில் நின்ற பெண்களோடு கதைக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் வந்தார்.

“ரீச்சர், அம்மா சொல்லுறதை வைச்சு வேலையை நிப்பாட்டாதேங்கோ. அவா முதல் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு மரத்தைக் காட்டினவா. அதுக்கு முதல் மாங்குளத்திலை ஒண்டு. இது மூண்டாவது.”

“மற்ற ரண்டும் பாலையோ?”

“ஒண்டு பாலை. மற்றது புளி எண்டு நினைக்கிறன்.”

பேணியை நீட்டினேன். அவர் இரும்பை எடுத்துப் பெருவிரலால் துருவைத் தேய்த்தார். நிறுத்துப் பார்ப்பதைப்போலக் கையில் ஆட்டினார்.

“இது ஆணியில்லை ரீச்சர். வள்ளத்து ஆணி சதுரமா இருக்கும். ஆனா செல் துண்டும் இல்லை. செல் துண்டு இவ்வளவு நேரா இராது. இது ஏதோ போல்ட்டின்ரை பாதி மாதிரிக் கிடக்கு.”

மூன்றாவது விளக்கமும் வந்துவிட்டது. யார் கொண்டுவந்து ஒரு மரத்துக்குள் போல்ட்டை அடிப்பார்கள்?

அதற்குள் தாய் திரும்பி வந்தார். மகன் சொன்னதன் கடைசிப் பகுதி காதில் விழுந்திருக்க வேண்டும்.

“அவனுக்கு என்ன தெரியும்?” என்றார் என்னைப் பார்த்து. “அவன் ஏணைக்குள்ளை கிடந்தவன்.”

மகன் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். தாய் சிரிக்கவில்லை. பிறகு அவர் தண்ணீர் விளிம்புக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, மகன் கவரின் கீழே வந்து மரத்தில் சாய்ந்து நின்றார். அந்தத் தடித்த கிளையில் கையை வைத்தார். கிளம்பும்போது தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

“மான் வேண்டாம் ரீச்சர். இது இப்பிடியே கிடக்கட்டும்.”

வேலையை நிற்பாட்டாதே என்று சொல்லிக் கால்மணித்தியாலம்கூட ஆகவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது?

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியது. பின்னேரங்களில் போனேன். உளியைக் கழுத்தில் வைப்பேன், எடுப்பேன். கொம்பு இல்லாமல் தலை செய்யலாமா என்று படம் கீறினேன். ஆடு வந்தது. தலையைத் திருப்பிப் பார்க்கிற பெண்மான் கீறினேன். நாய் வந்தது. ஒருநாள் செயலாளர் நேரில் வந்துவிட்டார். திறப்பு விழாவுக்குத் திகதி குறித்தாயிற்று, வவுனியாவிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள் என்றார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“தலை எங்கை ரீச்சர்?”

“மான் வராது சேர்.”

“அப்ப என்ன வரும்?”

“தெரியாது சேர்.”

அவர் கோபப்படவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உண்மையாகவே விளங்காத குரலில் கேட்டார்: “தெரியாத ஒண்டை நாங்கள் எப்பிடித் திறக்கிறது?”

அந்தக் கேள்வி நியாயமானது. அந்த அம்மாவின் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன், மகன் சொன்னதையும் சேர்த்து. அவர் இடுப்பில் கைவைத்தபடி கேட்டார். கடைசியில், “அப்ப அந்த மரம் இதுவோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார். “ஓம்,” என்றேன். “சரி, நீங்கள் உங்களுக்குச் சரியெண்டு படுகிறதைச் செய்யுங்கோ. நாள் மட்டும் தவறக்கூடாது.”

எனக்குச் சரியென்று பட்டது எது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. அதனால் தெரிந்ததை மட்டும் செய்தேன். கவரையும் தடித்த கிளையையும் பட்டையோடு அப்படியே விட்டேன். மானின் முதுகுக்காக ஏற்கெனவே வளைத்திருந்த பகுதியை அரத்தாளால் தேய்த்தேன். பன்னிரண்டு பின்னேரம் தேய்த்தேன். உள்மரம் செம்மண்ணிறமாக மினுங்கத் தொடங்கியது. வாள் கிழித்த இடத்தை ஆழமாக்கி, விளிம்புகளை மழுக்கி, ஒரு மடி அளவுக்குக் குழிவாக்கினேன். இரும்பு இருந்த ஓட்டையை அடைக்கவில்லை. எண்ணெய் பூசினேன். பார்த்தால் ஒன்றும் செய்யாததைப்போலத்தான் இருந்தது.

விழா நாளன்று மாலையும் கையுமாக எல்லோரும் வந்தார்கள். பதாகையில் ‘மான் சிற்பத் திறப்பு விழா’ என்று இருந்தது. முன்பே அச்சடித்துவிட்டார்களாம், மாற்ற முடியவில்லை. செயலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வவுனியாவிலிருந்து வந்த பெரியவர் நாடாவை வெட்டிவிட்டு மரத்தின் முன் நின்றார். சனமும் நின்றது. எல்லோரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

“மான் படுத்திருக்குது போலை,” என்றார் பெரியவர்.

“ஓம், ஓம், படுத்திருக்குது,” என்றார்கள் பின்னால் நின்றவர்கள். அத்தோடு அது படுத்திருக்கும் மானாகிவிட்டது. கை தட்டினார்கள். சிற்றுண்டிப் பொதி முடிவதற்குள் பிள்ளைகள் முதுகில் ஏறிவிட்டார்கள். இரண்டு பேர் வாலைத் தேடிக் கண்டும் பிடித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான், ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவுக்காகக் குளத்தடியில் காத்துநின்றேன். பாடசாலையில் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். அவர் பஸ்ஸால் இறங்கி வந்தார். கிளையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மரத்தின் மற்றப் பக்கம் போனார், திரும்பி வந்தார். முகம் சுருங்கியிருந்தது.

“மான் எங்கை பிள்ளை?”

“செய்யேல்லை அம்மா. நீங்கள் வெட்டவேண்டாம் எண்டு சொன்னனீங்கள்.”

“நான் அந்தக் கொப்பைத்தானே சொன்னனான்? மற்றப் பக்கத்திலை மானைச் செய்திருக்கலாமே. பஸ்ஸிலை எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டன், ஒரு ரீச்சர் மான் செய்யிறா எண்டு. மான் பார்க்கத்தான் வந்தனான்.”

இரண்டு மாதமாக நான் கட்டிவைத்திருந்ததெல்லாம் ஒரு நொடியில் சரிந்தது. அவர் என்னைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும். குழிவான இடத்தில் இருந்துகொண்டு பக்கத்தைத் தட்டிக் காட்டினார். இருந்தேன்.

“நல்ல வழுவழுப்பா இருக்கு. கை நொந்திருக்கும் என்ன?”

“ஓம்.”

“மகனும் பார்க்க வாறன் எண்டவன். பேரனையும் கூட்டிக்கொண்டு வரட்டும். அவனுக்கு மான் எண்டு சொல்லுவம். சின்னப் பிள்ளைதானே, நம்பும்.”

பிறகு ஏணையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடலில் நண்டு குறைந்துபோனது பற்றியும், மருமகளுக்குக் கருவாட்டு மணம் பிடிக்காதது பற்றியும் சொன்னார். நான் இரும்பைப் பற்றிக் கேட்கவில்லை. அது இப்போதும் பாடசாலைச் சித்திர அறை அலுமாரியில், அதே பேணியில் கிடக்கிறது. மகனும் பேரனும் வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் நின்ற நாட்களில் வரவில்லை.

பின்னேரங்களில் இப்போது சனம் வருகிறது. கிளிநொச்சியிலிருந்துகூட வந்து படம் எடுக்கிறார்கள். இது என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒருநாள் மான் என்கிறேன். ஒருநாள் சும்மா இருக்கை என்கிறேன். இரண்டில் எதைச் சொன்னாலும் பொய் சொன்னதைப்போல இருக்கும்.

ஆனி மாதம் ஒரு கணவனும் மனைவியும் வந்து குழிவில் இருந்தார்கள். மனைவி மரத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“இது என்ன அக்கா?”

“பாலை,” என்றேன். ஏன் அன்று அப்படிச் சொன்னேன் என்று தெரியாது.

“பாலைப்பழம் காய்க்கிற பாலையோ?”

“ஓம்.”

“நான் சின்னனிலை சாப்பிட்டது. இப்பதானே காலம்? வேறை மரம் நிக்குதோ இஞ்சை?”

சொல்லத் தெரியவில்லை. மாதக்கணக்காக அந்தக் கட்டில் குனிந்திருந்தவள் நான். நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை. மூவரும் கட்டால் நடந்தோம். குளத்து மதகான துருசைத் தாண்டி வயல் பக்கம் இறங்குகிற இடத்தில் கணவர்தான் முதலில் கண்டார். இன்னொரு பாலையின் கீழ் பழம் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. குரங்குகள் மேலே இருந்துகொண்டு எங்களைப் பார்த்தன. மனைவி சேலைத் தலைப்பில் பொறுக்கினார். நானும் பொறுக்கித் தின்றேன். பால் பிசுபிசுத்து உதடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் ஏதோ கேட்டார். வாய் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.